செயப்படுபொருள் எங்கே?

பெங்களூருக்கு வந்த முதல் நாளே எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. வகுப்பறையில் அல்ல, பஸ்ஸில்!

ஓசூரிலிருந்து மெஜஸ்டிக் செல்லும் பஸ்ஸில், மூவர் அமரும் இருக்கையில் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு மூட்டை, நெஞ்சில் ஓர் அச்சம். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் பருத்த உடலினர் ஒருவர் ஏறினார். மூவர் நிறைந்திருந்த எங்கள் இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புன்னகை பூத்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார்.

மூன்றே சொற்கள். முதற்சொல் நம் 'சொற்ப'த்துக்கு உறவு என்று ஊகித்துக்கொண்டேன். கடைசிச் சொல்லைக் கேட்டதும், இந்தப் பஸ்ஸுக்கு மாடியும் உண்டோ என்று அண்ணாந்து பார்த்தேன். நடுச்சொல் ஒன்றுதான் நான் பள்ளியில் கற்றது. 'அட்ஜஸ்ட் என்றால் சரிசெய்' என்று ஆசிரியர் எழுதிப்போட்டார். 'அவன் தன் மூக்குக்கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்தான்' என்று எடுத்துக்காட்டும் தந்தார். ஆகவே நான் என் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். சட்டைக் காலரையும் சரிசெய்தேன். அவர் முகத்தில் குழப்பம். இதற்குள் பக்கத்திலிருந்தவர் தம் இடுப்பால் என்னைச் சன்னலோடு சேர்த்து ஓர் இடி இடித்தார். நான்கு விரற்கிடை இடம் பிறந்தது. வந்தவர் அதில் அமர்ந்தார். அமர்ந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை. இந்த ஊரில் இச்சொல் ஒலிக்காத இடம் எது? கடையில் சில்லறை இல்லையா? அட்ஜஸ்ட். ஆட்டோவுக்குக் கூடுதலாக இருபது ரூபாயா? அட்ஜஸ்ட். குழாயில் தண்ணீர் வரவில்லையா? அதற்கும் அதுவே. நகராட்சி எழுதி வைக்காத நகர முழக்கம் இது என்று பெங்களூர்க்காரர்களே பெருமையாகக் கூறுவர். அந்தப் பெருமையில் உண்மையும் உண்டு. எத்தனையோ மொழியினர் நெருங்கி வாழும் ஊரில், தோள் உரசினால் சண்டைக்கு வராமல் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்காரும் பண்பு சிறிய பண்பன்று. அதை இகழ நான் எழுதவில்லை. ஆனால் இச்சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டு வேறு பலவும் நம் இருக்கையில் வந்து அமர்கின்றன. அவற்றைப் பற்றி நம் சங்கத்து நண்பர்களோடு பேச விரும்புகிறேன்.

ஆங்கிலத்தார் இச்சொல்லை எப்படி ஆளுகின்றனர்? பெரும்பாலும் ஒரு பொருளைச் சுட்டியே ஆளுகின்றனர். நாற்காலியின் உயரத்தை அட்ஜஸ்ட் செய். கடிகாரத்தின் முள்ளை அட்ஜஸ்ட் செய். அல்லது ஒன்றுக்குப் பழகிப்போவதைக் குறிக்கின்றனர்: கண் இருளுக்கு அட்ஜஸ்ட் ஆகிறது, புது ஊருக்கு அட்ஜஸ்ட் ஆக அவளுக்குக் காலம் வேண்டும். முதல் ஆட்சியில் 'எதை' என்பது தெரியும்; இரண்டாவதில் 'எதற்கு' என்பது தெரியும். இரண்டும் இல்லாமல் 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்று மொட்டையாகச் சொன்னால், இலண்டன்காரர் ஒருவர் அன்று நான் செய்ததைத்தான் செய்வார். கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்.

சொல்லின் பிறப்பும் சுவையானது. பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர், 'அருகில்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். அருகே கொண்டுவருதல் என்பதே முதற்பொருள். பிற்காலத்தில் 'நீதியான' என்று பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல்லோடு மக்கள் இதைக் குழப்பிக்கொண்டனர். நேர்படுத்துதல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் இவ்வூரில் முதற்பொருளை மட்டும் காப்பாற்றி வருகிறோம். அருகே, இன்னும் அருகே, மூச்சு முட்டும் வரை அருகே!

எங்கள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் இரண்டு திருகுகள் உள்ளன. பெரியது கோர்ஸ் அட்ஜஸ்ட்மென்ட். சிறியது ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட். பெரியதைத் திருப்பினால் தட்டும் லென்சும் சட்டென நெருங்கும். சிறியதைத் திருப்பினால் மயிரிழை மயிரிழையாக நகரும். உருப்பெருக்கம் மிகுந்த லென்சைப் பொருத்தியபின் பெரிய திருகைத் தொடவே கூடாது. தொட்டால் லென்சு இடித்துக் கண்ணாடிச் சில்லு நொறுங்கும். முதலாண்டில் நான் ஒன்றை நொறுக்கியிருக்கிறேன். அட்ஜஸ்ட் என்ற சொல்லுக்குள் 'எதை' என்பதோடு 'எவ்வளவு' என்பதும் அடக்கம் என்று அந்த உடைந்த கண்ணாடியிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வணிகவியல் நண்பர்கள் இதை இன்னும் நன்கு அறிவார்கள். ஆண்டிறுதிக் கணக்கில் அவர்கள் சரிக்கட்டுப் பதிவு என்று எழுதுவது இதே சொல்லின் தமிழ்தான். கொடுபடவேண்டிய கூலியோ, முன்கூட்டிச் செலுத்திய காப்புறுதித் தொகையோ எதுவானாலும், இருப்பாய்வுக்கு வெளியே தரப்பட்ட ஒவ்வொரு சரிக்கட்டும் இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. எவ்வளவு நல்ல இலக்கணம்! ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் அது சரிக்கட்டு ஆகாதாம்.

நம் ஊர் வீட்டுக்காரர்களுக்கு இந்த இலக்கணம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். என் நண்பர் ஒருவர் இவ்வூரின் நெடுநாள் வழக்கப்படி பத்து மாத முன்பணம் கட்டி ஒரு வீட்டுக்குக் குடிபோனார். மழை வந்தது, கூரை ஒழுகிற்று. வீட்டுக்காரர், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். எதை? ஒழுகும் கூரையையா, கட்டிலையா, மழையையா? சொல்லவில்லை. காலி செய்யும் நாள் வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு, உடைந்த குழாய், கதவின் கீறல் எல்லாவற்றையும் ரூபாய் வாரியாக ஒரு தாளில் எழுதி, "முன்பணத்தில் அட்ஜஸ்ட் செய்துகொண்டேன்" என்றார் அதே மனிதர். பார்த்தீர்களா? தமக்கு வரவேண்டிய இடத்தில் அகராதிப் பொருள். நாம் பெறவேண்டிய இடத்தில் பஸ் பொருள்!

நம் இலக்கண நூலார் வினைகளைச் செயப்படுபொருள் குன்றா வினை என்றும், குன்றிய வினை என்றும் பிரித்தனர். 'உண்டான்' என்றால் 'எதை' என்று கேட்கலாம். 'உறங்கினான்' என்றால் கேட்க முடியாது. செயப்படுபொருளோடு வந்த ஒரு சொல்லை நாம் பிடித்துவைத்து, அதன் செயப்படுபொருளைப் பறித்துக்கொண்டு விட்டிருக்கிறோம். இன்னொன்றும் செய்திருக்கிறோம். இச்சொல் நம்மிடையே எப்போதும் முன்னிலை ஏவலாகவே வழங்குகிறது. 'நீங்கள் அட்ஜஸ்ட் செய்யுங்கள்' என்பார் உண்டு. 'நான் அட்ஜஸ்ட் செய்கிறேன், நீங்கள் இருங்கள்' என்று தொடங்குவார் அரியர்.

இலக்கண விளையாட்டு என்று சிரிக்கலாம். விளையாட்டாக முடியாத இடங்கள் உள்ளன.

மணமகள் தேவை விளம்பரங்களில் 'அட்ஜஸ்டபிள்' ஆன பெண் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி நாற்காலிக்கும் இடுப்புப் பட்டைக்கும் ஸ்பேனருக்கும் உரியது. எந்த மாப்பிள்ளையாவது தம்மை அப்படி விளம்பரம் செய்துகொண்டதைக் கண்டீர்களா? நம் வீடுகளில் அக்கா தங்கைமார் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது அம்மா காதோடு சொல்லி அனுப்பும் புத்திமதியும் இதுதானே: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா." எதை என்று மகள் கேட்பதில்லை, எதுவரை என்று தாய் சொல்வதுமில்லை.

இதைவிடக் கொடிய இடமும் ஒன்று உண்டு. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் இன்னல்களை ஆராயக் கேரள அரசு 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2024 ஆகஸ்ட் 19 அன்று, சில பகுதிகள் மறைக்கப்பட்டு, அது வெளியாயிற்று. அத்துறைப் பெண்களுக்கு மிகவும் பழக்கமான சொற்கள் இரண்டு என்று அந்த அறிக்கை கூறுகிறது: ஒன்று 'காம்ப்ரமைஸ்', மற்றொன்று 'அட்ஜஸ்ட்மென்ட்'. நடிக்க வாய்ப்பு வேண்டுமானால் உடலைக் கொடு என்று வெளிப்படையாகக் கேட்க நாணுகிறவன், செயப்படுபொருளை விழுங்கிவிட்டு 'அட்ஜஸ்ட்மென்ட்' என்கிறான். கேட்பவளுக்குப் புரிகிறது, ஆனால் அவள் புகார் எழுதப் போனால், அவன் சொன்னதாக எழுத ஒரு குற்றமும் அகப்படுவதில்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்கு இவ்வளவு பயன் உண்டு, நண்பர்களே!

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் இச்சொல்லோடு ஒரு வழக்கே தொடுத்தார் எனலாம். உளவியலார், ஊரோடு ஒட்டாதவனை 'மாலட்ஜஸ்டட்' என்று நோயாளி போல் குறிப்பது வழக்கம். 1967 செப்டம்பர் 1 அன்று வாஷிங்டனில் அந்த உளவியலாரின் மாநாட்டிலேயே நின்றுகொண்டு, நிறவெறிக்கும் வறுமைக்கும் போருக்கும் என்றும் பழகிப்போகாத நல்ல மனிதர்கள் நமக்குத் தேவை என்று அவர் வாதாடினார். 'எதற்கு' என்ற கேள்வியை அவர் அச்சொல்லுக்கு மீட்டுத் தந்தார் என்பது என் எண்ணம்.

தொலைவில் போவானேன்? அல்சூர் ஏரிக்கு அருகில் வீற்றிருக்கிறாரே வள்ளுவர், அவரைக் கேளுங்கள். அச்சிலை 1991-இல் நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, திறப்பு நின்றது, சிலையைத் துணியால் மூடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் காவிரியை ஒட்டி இவ்வூரில் நடந்த கொடுமைகளை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. ஓராண்டா, ஈராண்டா? பதினெட்டு ஆண்டுகள் வள்ளுவர் மூடிய துணிக்குள் இருந்தார். அத்தனை ஆண்டும் இவ்வூர்த் தமிழர்க்குக் கிடைத்த விடை, சாரத்தில், சற்றுப் பொறுங்கள் என்பதே. எதுவரை? அதற்கு விடையில்லை.

பின்பு எப்படித் திறந்தது? இரு பக்கமும் உட்கார்ந்து பேசியபின் திறந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய கருநாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி இங்கே வள்ளுவர் சிலையைத் திறந்தார். நான்கே நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மூவடிப் பாக்களால் மக்களுக்கு அறம் சொன்ன சர்வக்ஞருக்கும், ஈரடியால் சொன்ன வள்ளுவருக்கும் அடிக்கணக்கில்கூடப் பெரிய வேற்றுமை இல்லை! எந்தச் சிலை, எந்த இடம், எந்த நாள், பதிலுக்கு எது என்று எல்லாம் பெயரோடு சொல்லப்பட்டன. இரண்டு இடத்தில் பதிவும் நடந்தது. வணிகவியல் ஆசிரியர் கண்டால் முழு மதிப்பெண் இடுவார்.

காவிரியிலும் அப்படியே. அதில் யாருக்கு நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சொன்னால் பத்திரிகையின் பக்கங்கள் போதா. ஆனால் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குரிய நீரைக் குறைத்தபோது, 'ஸ்வல்ப' என்று சொல்லவில்லை. 14.75 டி.எம்.சி. என்று சொல்லிற்று, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்றும் சொல்லிற்று. நாமும்தான் அந்த நீரைக் குடிக்கிறோம். அந்த அளவை ஏற்கலாம், மறுக்கலாம், அதை எதிர்த்து வாதாடலாம். அளவே சொல்லாத ஒன்றை எதிர்த்து எவ்வாறு வாதாடுவது?

இனி நம் விடுதிக் கதை. எந்த விடுதி என்பது வேண்டாம். இருவர் தங்கும் அறையில் ஒரு நாள் மூன்றாவது கட்டில் வந்து இறங்கிற்று. அந்த அறையில் இருந்த தம்பி தருமபுரிப் பக்கத்தவன். வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் மேலாளர். இவன் தலையாட்டினான். மேசை வெளியேறிற்று, சன்னல் கட்டிலுக்குப் பின்னால் மறைந்தது. இரவில் மாடிப்படிக்குக் கீழே, எல்லோரும் செருப்பு விடுமிடத்தில், விளக்கடியில் அமர்ந்து படிக்கத் தொடங்கினான். "என்னப்பா இது?" என்று கேட்டேன். "பரவாயில்லண்ணா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றான். அந்தப் பருவத்தில் ஒரு தாளில் தவறினான். காரணம் கட்டில்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் செருப்புகளுக்கு நடுவே வகைநுண்கணிதம் படித்துப் பார்த்தவர்கள் அவன் மேல் குற்றம் சொல்லட்டும்.

நாங்கள் நால்வர் மேலாளரிடம் சென்றோம். கோஷம் போடவில்லை. ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். எதை அட்ஜஸ்ட் செய்யச் சொல்கிறீர்கள்? எதுவரை? பதிலுக்கு நீங்கள் எதை அட்ஜஸ்ட் செய்வீர்கள்? கன்னடத்தில் எழுதியிருந்தோம்; எங்களோடு வந்த துமகூரு நண்பன் பிழை திருத்தித் தந்தான். மேலாளர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மாத முடிவு வரை மட்டுமே என்றும், மூவருக்கும் வாடகையில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் குறைப்பு என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். சொன்ன தேதிக்குப் பத்து நாள் பிந்தித்தான் கட்டில் போயிற்று. அந்தப் பத்து நாளை நாங்கள் பொறுத்துக்கொண்டோம், பத்து நாள் என்று தெரிந்தே.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடலாகாது. துமகூரு நண்பன் அறையில் இருக்கும்போதே, அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காதபடி நாம் ஐவர் கூடி இரவு பன்னிரண்டு வரை தமிழில் அரட்டையடிக்கிறோம். அவன் முனகினால் நாமும் அதையேதான் சொல்கிறோம்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுப்பா." அவன் ஊரில், அவன் மொழி வழங்கும் மண்ணில், அவனையே நகரச் சொல்கிறோம்! 'பழகிப்போதல்' என்ற பொருளில் நாம் இங்கே செய்யவேண்டிய அட்ஜஸ்ட் ஒன்று உண்டென்றால், அது கன்னடம் கற்பது. எதற்கு என்பது தெரியும். எவ்வளவு என்பது நம் கையில். தமிழை விட்டுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அப்போது கிங்கை நினைத்துக்கொள்ளலாம்.

'ஏன் இந்த ஆங்கிலச் சொல்? தமிழில் சொல் இல்லையா?' என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் இதற்குள் பேனாவைத் திறந்திருப்பார். உண்டு ஐயா, நிறைய உண்டு. விட்டுக்கொடு, பொறுத்துக்கொள், ஒத்துப்போ, இணங்கு, அனுசரி, சமாளி, ஒதுங்கு, நகர். கன்னடத்திலும் 'ஹொந்திகொள்ளு' என்ற அழகிய சொல் உண்டு. சிக்கல் எங்கே என்றால், இவற்றுள் ஒவ்வொன்றும் தான் கேட்பது இன்னதென்று காட்டிக்கொடுத்துவிடும். 'விட்டுக்கொடு' என்றால் எதை விடுவது என்ற கேள்வி உடனே பிறக்கும். 'பொறுத்துக்கொள்' என்றால் வலி ஒன்று உண்டென்பதை ஒப்புக்கொண்டதாகும். 'ஒதுங்கு' என்றால் சண்டையே வரும். எட்டுச் சொல்லின் சுமையையும் மறைத்துக்கொண்டு இனிமையாகச் சிரிப்பதால்தான் 'அட்ஜஸ்ட்' வெற்றி பெற்றது. துணிக்குள் இருந்தவர் திருக்குறளில் இருபத்திரண்டாம் அதிகாரத்துக்கு 'ஒப்புரவறிதல்' என்று பெயரிட்டார். உலகத்தோடு பொருந்தி, பிறர்க்கு உதவி வாழ அறிதல். பொருந்துதலோடு அறிதலும் உண்டு என்பதைக் கவனியுங்கள். அறியாமல் தலையாட்டுவது அந்த அதிகாரத்தில் சேராது. ஆனாலும் பஸ்ஸில் போய், "ஐயா, சற்றே ஒப்புரவு அறியுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் உட்கார இடம் வேண்டும்.

சென்ற வாரம் சிவாஜிநகர் பஸ் ஒன்றில் சென்றேன். கூட்டம். மூவர் இருக்கையின் ஓரத்தில் ஒரு பாட்டியம்மா, மடியில் பூக்கூடையோடு. கைக்குழந்தையுடன் ஒரு பெண் ஏறி நின்றாள். நாங்கள் மூவரும் சன்னல், கூரை, கைப்பேசி என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டியம்மா முதலில் தம் கூடையை எடுத்துக் காலடியில் வைத்தார். பிறகு தாம் ஒரு சாண் உள்ளே நகர்ந்தார். அதன் பிறகே எங்களைப் பார்த்து, "எல்லாரூ ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளோண" என்றார்.

எல்லோரும் சற்றே செய்துகொள்வோம் என்று பொருள். தன்மைப் பன்மை! அதிலும் நம் இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்களே, அது. நான் என் பையை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.